சீலிங் பெயர்ந்து விழுதா? கம்பிக்குப் பின்னால் போகாமல் பூசாதீர்கள்

வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் முப்பது நாற்பது வருஷத்து ஆர்.சி.சி. (கம்பி கட்டிக் காங்கிரீட் போட்ட) வீடுகளில் சீலிங் பெயர்ந்து விழுவது சகஜம். கூப்பிட்ட மேஸ்திரி அண்ணாந்து பார்த்துவிட்டு "பூச்சு விட்டுடுச்சு, ரெண்டு சட்டி கலவை போட்டா சரியாயிடும்" என்பார். அவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால், விழுந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதில் ஜல்லி தெரிகிறதா? கம்பி பதிந்திருந்த பள்ளமும் அதில் பழுப்புக் கறையும் இருக்கிறதா? அப்படியென்றால் விட்டது பூச்சு இல்லை, காங்கிரீட். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கீழே இருந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறது. கரைந்த இரும்பைவிடத் துருவுக்கு இரண்டு மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் இடம் வேண்டும். நீங்கள் புதிதாகப் பூசுவதையும் அது தள்ளத்தான் செய்யும்.

நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது. கடல் காற்றில் வரும் உப்பு ஒன்று. வீடு கட்டும்போது உப்பு போர் தண்ணீரிலேயே கலவை போட்டிருந்தால் அது இன்னொன்று. இதோடு போதிய கவரும் (கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டின் தடிமன்) கிடையாது. கடற்கரைச் சூழலில் வெளிப்பட்டிருக்கும் காங்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி 45 மி.மீ. கவர் கேட்கிறது. பழைய வீட்டு சீலிங்கை உடைத்தால் பல இடங்களில் அரை அங்குலம்கூட இருக்காது.

முதலில் தட்டிப் பாருங்கள்

சின்ன சுத்தியலோடு ஸ்டூலில் ஏறி, சீலிங் முழுக்க அரை அடிக்கு ஒரு தட்டு தட்டுங்கள். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்ல இடம். 'டொப்' என்று கேட்டால் உள்ளே விட்டிருக்கிறது. அந்த இடத்தை சாக்பீஸால் வட்டம் போட்டுவையுங்கள். கம்பி போகும் வாக்கில் ஆறேழு அங்குல இடைவெளியில் இணையாக ஓடும் கோடு வெடிப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை இன்னும் விழவில்லை, அவ்வளவுதான். ஃபேன் கொக்கியைச் சுற்றிக் கட்டாயம் தட்ட வேண்டும். அங்கே 'டொப்' கேட்டால் அன்றைக்கே ஃபேனை இறக்கிவிடுங்கள்.

பால்கனியும் சன்ஷேடும் வேறு கணக்கு. ரூம் சீலிங்கில் முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, சன்ஷேடில் அது மேல்பக்கம் இருக்கும். அடியில் பெயர்ந்திருப்பதை மட்டும் பூசிவிட்டுப் போனால், மேலே சுவர் ஓரமாக ஓடும் வெடிப்பை யாரும் பார்ப்பதில்லை. ஆள் தலையில் விழுவது அந்த வெடிப்பால்தான். அங்கே வெடிப்பு இருந்தால் மேலே இருக்கும் பூந்தொட்டி, ஏ.சி. வெளி யூனிட் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கொத்தனார் வேலை இல்லை அது.

ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். துரு நிற்காது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாமல் போகும். ஒருநாள் ஜிப்சம் போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

மொட்டை மாடி முதலில்

மேலே ஒழுக்கு இருந்தால் கீழே செய்கிற வேலை வீண். தட்டு ஓடு பதித்த மாடியில் ஓட்டின் இணைப்புகள், கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் மூலை, மழைநீர்க் குழாய் வாய் ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் தண்ணீர் இறங்கும். ஒழுக்கைக் கண்டுபிடிக்க, குழாய் வாயை அடைத்து மாடியில் தண்ணீர் தேக்கச் சொல்வார்கள். சீலிங் பெயர்ந்த வீட்டில் அதைச் செய்யாதீர்கள். இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம் கூடும். ஹோஸ் பைப்பை வைத்து ஒவ்வொரு மூலையாக ஒரு மணி நேரம் நனைத்துக் கீழே பார்த்தாலே போதும். விரிசல் விட்ட இடத்துக்கு மேல் 1000 லிட்டர் டேங்க் நின்றால், அது நிரம்பும்போது ஒரு டன். சுவருக்கு மேலோ பீமுக்கு மேலோ அதை மாற்றிவிடுங்கள்.

மாடி வேலையை மாசி, பங்குனியில் முடித்து, சீலிங்கைக் காயவிட்டு, சித்திரை, வைகாசியில் கீழே தொடங்கினால் அக்டோபர் மழைக்கு முன்னால் எல்லாம் இறுகிவிடும்.

உடைப்பது

முட்டு கொடுக்காமல் உளியைத் தொடக்கூடாது. சவுக்குக் கட்டையோ இரும்பு ஜாக்கியோ மூன்று, நான்கு அடிக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே குறுக்குப் பலகை வைத்து ஆப்பு அடித்து இறுக்குங்கள். மாடி வீடானால் கீழ்த்தளத்திலும் அதே நேர்க்கோட்டில் முட்டு வேண்டும். இல்லையென்றால் பாரம் முழுக்கக் கீழ்த்தள சீலிங்கின் தலையில் ஏறும். முழு ரூமையும் ஒரே நாளில் உடைக்க வேண்டாம். மூன்றடிப் பட்டையாக ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள்.

உடைக்க வேண்டிய பகுதியின் ஓரத்தை கிரைண்டரால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள், கம்பியில் படாமல். ஓரத்தை மெலிதாகச் சாய்த்து விட்டால் புது கலவை அங்கிருந்துதான் முதலில் உரியும். பிறகு சிறிய சிப்பிங் மெஷினோ உளியோ வைத்துத் தளர்ந்ததை எடுங்கள். பெரிய டிமாலிஷன் மெஷினைத் தலைக்கு மேல் ஓட்டினால் நல்ல காங்கிரீட்டும் அதிர்ந்து விடும். கம்பி தெரிந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. கம்பியின் முதுகுப் பக்கம் விரல் போய் வர 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வர வேண்டும். துரு அந்தப் பக்கமும் இருக்கும், கலவையும் கம்பியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். நீளவாக்கில் துரு முடிந்து சுத்தமான கம்பி தெரிந்த பிறகும் இரண்டு அங்குலம் கூடுதலாகப் போங்கள். கொஞ்சம் துருவை ஓரத்தில் விட்டுவிட்டால், பேட்ச் போட்ட இடம் நன்றாக இருக்க, அதை ஒட்டிய பழைய பகுதி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். "ரிப்பேர் பண்ண இடத்துக்குப் பக்கத்துலயே மறுபடியும் விழுந்துச்சு" என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

கம்பியை ஒயர் பிரஷால், முடிந்தால் கிரைண்டரில் மாட்டும் கப் பிரஷால், பளிச்சென்று இரும்பு நிறம் வரும்வரை தேயுங்கள். பாத்ரூம் ஆசிட் ஊற்றித் துருவை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். எந்தக் குளோரைடு கம்பியைத் தின்றதோ அதையே நாம் புட்டியில் வாங்கி ஊற்றுவதாகும்.

தேய்த்த பிறகு வெர்னியர் காலிப்பர் வைத்துக் கம்பியின் விட்டத்தை அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது; ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. 6 மி.மீ. என்றால் 44 சதவீதம். கால்வாசிக்குக் கிட்டே போனாலே பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். கெட்ட பகுதியைத் தாண்டி இரண்டு பக்கமும் நல்ல கம்பியோடு 8 மி.மீ.க்குத் தலா 40 செ.மீ. ஒட்டிப் போக வேண்டும், அதற்கு அவ்வளவு தூரம் உடைக்கவும் வேண்டும். ஒரு சாண் துண்டைக் கட்டுக்கம்பியால் சுற்றி வைப்பது கண்துடைப்பு. ரூமின் குறுகிய பக்கத்துக்கு இணையாக, அடியில் ஓடுவதுதான் பாரம் தாங்கும் கம்பி. அதில் பல இடங்களில் இப்படித் தேய்ந்திருந்தால் இன்ஜினியர் பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

பூசுவது

சுத்தம் செய்த கம்பிக்கு அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். இங்கே காற்றில் ஓர் இரவு விட்டாலே காலையில் செம்மண் நிறம் படிந்திருக்கும். கடையில் சாதாரண ரெட் ஆக்சைடைக் கொடுப்பார்கள். அது கேட்டுக்கும் கிரில்லுக்கும் உள்ளது, கலவை அதில் சரியாகப் பிடிக்காது. கம்பிக்கென்றே விற்கும் ஜிங்க் பிரைமரோ, சிமெண்ட் கலந்த பாலிமர் கோட்டிங்கோ வாங்கி, முதுகுப் பக்கமும் விடாமல் அடியுங்கள்.

பழைய காங்கிரீட்டைத் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். மேற்பரப்பு ஈரமாக இருக்கலாம், சொட்டக்கூடாது. எஸ்.பி.ஆர். லேட்டெக்ஸில் (பால் போல இருக்கும் செயற்கை ரப்பர் திரவம்) சிமெண்டைக் கரைத்துப் பாண்டிங் கோட், அதாவது ஒட்டுப் பூச்சு, அடித்து, அது கையில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கலவையை அழுத்த வேண்டும். காய்ந்துவிட்டால் அது ஒட்டாது, பிரிக்கும். அதனால் ஒரு நேரத்தில் நான்கைந்து சதுர அடிக்கு மேல் அடிக்காதீர்கள்.

கலவை எடைக் கணக்கில்: சிமெண்ட் 5 கிலோ, சலித்த குவார்ட்ஸ் மணல் 15 கிலோ, லேட்டெக்ஸ் 1 கிலோ. தண்ணீர் கொஞ்சமாக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும். ஓர் அங்குலத் தடிமனில் 10 சதுர அடிக்கு, சேதாரம் சேர்த்து, 12 கிலோ சிமெண்ட், 36 கிலோ மணல், இரண்டரை கிலோ லேட்டெக்ஸ் ஆகும். தண்ணீர் மெட்ரோ தண்ணீராக இருக்கட்டும். ஆர்.சி.சி. கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற தெருக் குழாய்த் தண்ணீரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

கரணையால் வீசி அடித்து, கட்டை விரலால் கம்பிக்குப் பின்னால் அழுத்தி நிரப்பி, ஒரு தடவைக்கு 10, 12 மி.மீ. மட்டும் ஏற்றுங்கள். ஒரே மூச்சில் இரண்டு அங்குலம் ஏற்றினால் தன் எடையாலேயே தொங்கி, உள்ளே இடைவெளி விழும். கீறிவிட்டு, இறுகியதும் அடுத்த அடுக்கு. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் போன இடத்தில் கையால் பூசுவதைவிடப் பலகை அடித்து மைக்ரோ காங்கிரீட் (தானே பரவி நிரம்பும் ரெடிமேட் கலவை) ஊற்றுவது நல்லது. லேட்டெக்ஸ் கலவையை சாதாரணப் பூச்சு போல ஒரு வாரம் நனைக்க வேண்டியதில்லை. ஓரிரு நாள் ஈரம் காத்து, பிறகு காற்றில் காயவிட வேண்டும், லேட்டெக்ஸ் படலம் அப்போதுதான் உருவாகும். முட்டுக் கட்டைகளை எப்போது எடுப்பது என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். 14 நாளுக்கு முன்னால் அவசரப்பட வேண்டாம்.

எல்லா வீட்டுக்கும் இந்த முறை பொருந்தாது. மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மரக் கட்டையும் செங்கலும் சுண்ணாம்பும் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் கம்பியே கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது சுவருக்குள் நுழையும் கட்டையின் முனை. ஸ்க்ரூடிரைவர் சுலபமாக இறங்கினால் கட்டை உளுத்திருக்கிறது. அதற்கு சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் சீக்கிரம் போகும்.

ஈரமே படாத உள் ரூமிலும், வீடு முழுக்கவும் ஒரே மாதிரி பெயர்கிறதென்றால், கட்டும்போதே உப்பு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். டெஸ்டிங் லேபில் காங்கிரீட் தூளைக் கொடுத்து குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ என்ற வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தால் பேட்ச் வேலைக்குப் பணம் போடாமல், ஸ்லாபை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதற்குச் சேர்த்துவையுங்கள்.

ஒப்பந்தம் பேசும்போது மொத்த விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உடைக்க உடைக்கக் கெட்ட பகுதி இரண்டு மடங்கு ஆவது சகஜம். மொத்த விலை பேசிய ஆள் நஷ்டம் வராமல் இருக்க, கம்பி தெரிந்ததும் உளியைக் கீழே வைத்துவிடுவார். உடைத்து முடித்த பின் அளந்து சதுர அடிக்கு இவ்வளவு, புதுக் கம்பி கிலோவுக்கு இவ்வளவு, முட்டு தனி என்று எழுதிக்கொள்ளுங்கள். கம்பியைச் சுத்தம் செய்த பிறகும் பிரைமர் அடித்த பிறகும் நீங்கள் பார்த்து போட்டோ எடுக்காமல் கலவை ஏறக்கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.