உங்கள் ஊருக்கு ஜெர்மன் பாணியில் சின்னமும் கொடியும் செய்வது எப்படி

ஜெர்மனியில் சில நூறு பேர் மட்டும் வசிக்கிற குட்டி ஊர்களுக்குக்கூட சொந்தமாகக் கேடயச் சின்னமும் கொடியும் உண்டு. ஏற்காடு பக்கத்து இளைஞர் மன்றமோ கால்பந்து அணியோ அதே முறையில் ஒன்று செய்துகொள்ளலாம்.

முதலில் பென்சிலைத் தொடாதீர்கள், சின்னத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அங்கே எழுத்தில் இருக்கும் விவரம்தான் ஆதாரம், படம் ஓவியருக்கு ஓவியர் கொஞ்சம் மாறும். "பொன் கேடயத்தில், அடியில் பச்சை மும்மலை, மேலே கறுப்புக் காட்டெருமைத் தலை." அவ்வளவுதான். மும்மலை என்றால் நடுமேடு மட்டும் உயர்ந்த மூன்று மேடுகள், மலையை ஒட்டிய ஜெர்மன் ஊர்ச் சின்னங்களில் அடிக்கடி பார்க்கலாம். சேர்வராயன் மலைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். மிளகு, ஆரஞ்சு, ஏரிப் படகு, 20 கொண்டை ஊசி வளைவு எல்லாம் வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், மசியாதீர்கள். ஊர்ப் பெயரையும் கேடயத்துக்குள் எழுத வேண்டாம்.

அடுத்தது நிறம், இதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்ற உலோகக் கணக்கு. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு எல்லாம் நிறம். உலோகத்தின் மேல் நிறம் வரலாம், நிறத்தின் மேல் உலோகம் வரலாம், நிறத்தின் மேல் நிறமோ உலோகத்தின் மேல் உலோகமோ கூடாது. பச்சைத் துணியில் சிவப்புக் காபிப் பழம் கிட்டத்தில் அழகுதான், ஆனால் கம்பத்தில் ஏற்றிவிட்டுத் தெருமுனையிலிருந்து பாருங்கள், ஒன்றும் தெரியாது. காட்டெருமையை முழுசாக வரையாததற்கும் இதேதான் காரணம்: அதன் முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மஞ்சளில் வெள்ளை எடுபடாமல் பாதிக் கால் காணாமல் போய்விடும். வட ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதிச் சின்னத்திலும் காளையின் தலை மட்டும்தான். நேராகப் பார்க்கும் தலை என்றால் இன்னொரு வசதி, கொடியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் திரும்பின மாதிரி இருக்காது.

கொடிக்கு உருவத்தின் நிறம் மேலே, கேடயத்தின் நிறம் கீழே என்று வைப்பது வழக்கம். ஜெர்மன் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பர்க்கில் பொன் கேடயத்தில் கறுப்புச் சிங்கங்கள், அதனால் கொடி கறுப்பு-மஞ்சள். அதையே நாம் கட்டினால் "எந்தக் கட்சிப்பா?" என்றுதான் கேட்பார்கள், எனவே மலையின் பச்சையை மேலே வைத்து, நடுவில் கறுப்புக் கோடு சுற்றிய கேடயத்தைப் போடுங்கள்.

அசோகர் சிங்கத்தை மட்டும் எங்கேயும் சேர்க்காதீர்கள், அதற்கென்றே 2005-ல் தனிச் சட்டம் இருக்கிறது. ஜெர்மன் ஊர் ஒன்றின் சின்னத்தை அப்படியே எடுத்து டீசர்ட்டில் போடுவதென்றால் அந்த ஊர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

தைக்கக் கொடுக்கும்போது, கம்பத்துக்கு எதிர் ஓரத்தை இரட்டையாக மடித்து இரண்டு வரிசை தையல் போடச் சொல்லுங்கள். மலைக்காற்றில் முதலில் நைந்து கிழிவது அந்த ஓரம்தான்.