குழல் கருவிகளைப் பின்னி எழுதுங்கள்
கோடம்பாக்கம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இசையமைக்கும்போது இரண்டு புல்லாங்குழல், இரண்டு ஓபோ (சீவாளி வைத்து ஊதும் மேற்கத்தியக் கருவி) கிடைத்தால், சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில் புல்லாங்குழல்களை மேலே, ஓபோக்களைக் கீழே என அடுக்காதீர்கள். இரண்டு அணிகளாகப் பிரிந்து கேட்கும். மாறி மாறிப் பின்னிக் கொடுங்கள். சி மேஜர் கார்டு (சி, ஈ, ஜி சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) என்றால், பியானோவின் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே தொடங்கி, சி இரண்டாம் ஓபோவுக்கு, ஈ இரண்டாம் புல்லாங்குழலுக்கு, ஜி முதல் ஓபோவுக்கு, மேல் சி முதல் புல்லாங்குழலுக்கு.

இதையே ஒரு ஸ்தாயி இறக்கினால் புல்லாங்குழல் அமுங்கிவிடும், ஓபோ முண்டியடிக்கும். (கணினியில் இசைக்கும், பதிவு செய்த கருவி ஒலிகள் இதை மறைத்துவிடும், நம்பாதீர்கள்.) அங்கே ஓபோவின் சுரங்களைக் கிளாரினெட்டுக்குக் கொடுப்பேன்.

ஏசி அறையில் குளிர்ந்த குழலின் சுருதி இறங்கும். கலைஞர்கள் சற்று ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.