அச்சில்லாப் பழ டார்ட்டைத் தோட்டப்புற வெக்கையில் சுடும் முறை

டார்ட் என்றாலே தீபாவளிக்கு முன் டப்பா டப்பாவாகச் சுட்டு அடுக்கும் அன்னாசி டார்ட்தான் நம் வீடுகளில் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது வேறு வகை. இதற்கு அச்சும் வேண்டாம், ஓரம் உயர்ந்த தட்டும் வேண்டாம். மாவைப் பெரிய வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழத்துண்டுகளைக் குவித்து, ஓரத்தை உள்பக்கமாக மடித்து அப்படியே ஓவனில் வைத்துவிடலாம். பிரான்சில் இதைக் காலெட் என்பார்கள். இத்தாலியின் குரோஸ்தாத்தா இதற்கு நெருங்கிய உறவு. அங்கே கோடையில் பீச், ஆப்ரிகாட், பிளம், செர்ரி எல்லாம் அடுத்தடுத்துப் பழுக்கும்போது இதைச் செய்வது வழக்கம். மலேசியாவில் தாப்பா போன்ற ஊரில் கோடை என்று தனியாக ஒன்றில்லை. ஆனாலும் ஆண்டின் நடுவில் ரம்புத்தானும் டுரியானும் சாலையோரக் கடைகளில் குவியும் பழப் பருவம் நமக்கும் உண்டு. கேமரன் மலையிலிருந்து இறங்கும் ஸ்ட்ராபெரியும், பக்கத்து ஊரான பீடோரின் கொய்யாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஐரோப்பியச் செய்முறையை வரி பிசகாமல் பின்பற்றியும் இங்கே டார்ட் கெட்டுப்போகிறது என்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் பழமன்று, வெண்ணெய். வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பும் 16 விழுக்காடு நீரும் இருக்கின்றன. அது மாவுக்குள் சிறு துண்டுகளாகவே தங்கியிருந்தால், ஓவனின் சூட்டில் கொழுப்பு உருக, நீர் ஆவியாகி மாவை இதழ் இதழாகப் பிரித்துத் தூக்கும்; மேலோடு மொறுமொறுப்பது இதனால்தான். ஆனால் வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸிலேயே குழையத் தொடங்கி, 32 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும். நம் ஊர்ப் பிற்பகல் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். நான் முதன்முறை இதைச் செய்தது மதியம் 2 மணிக்கு, தகரக் கூரை போட்ட பின்கட்டுச் சமையலறையில். பத்தே நிமிடத்தில் மாவு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கி விரலெல்லாம் ஒட்டியது. சுட்டெடுத்தபோது மடிப்புகள் படுத்துத் தட்டில் பரவியிருந்தன. கடித்தால் பல்தான் வலித்தது.

ஆகவே முதலில் நேரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். விடியற்காலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு ஆள் கூடும் நேரத்தில், மாவு வேலையை முடித்துவிடுவது உத்தமம். பால்மரம் வெட்டுகிறவர்கள் இருட்டோடு கிளம்புவதற்கும் இதைப் போன்ற காரணமே உண்டு: வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்பட்டுவிடும். முந்தின இரவே வெண்ணெய், மாவு, கிண்ணம், பூரிக்கட்டை ஆகிய எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் (குளிர்சாதனப் பெட்டியில், உறைபெட்டியிலன்று) வைத்துவிடுங்கள். மாவை எதற்குக் குளிரவைக்க வேண்டும் என்று கேட்கலாம். வெளியில் இருந்த மாவு சமையலறையின் சூட்டிலேயே இருக்கும். கலந்தவுடன் அந்தச் சூடு வெண்ணெய்க்கு ஏறிவிடும்.

ஆறு பேருக்கான ஒரு டார்ட்டுக்கு 200 கிராம் கோதுமை மாவு, 125 கிராம் உப்பில்லா வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 50 முதல் 60 மில்லி ஐஸ் தண்ணீர் ஆகியவை தேவை. கோதுமை மாவு என்பது கேக்குக்கும் ரொட்டி சானாய்க்கும் வாங்கும் வெள்ளை மாவு, ஆட்டா மாவன்று. வெண்ணெய் 250 கிராம் கட்டியில் சரிபாதி. மலிவு என்பதற்காக மார்ஜரின் போட்டால் நிறம் வரும், வாசனை வராது.

மாவு, சீனி, உப்பு மூன்றையும் கலந்து, சுண்டுவிரல் நுனியளவு வெட்டிய வெண்ணெயை அதில் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் நசுக்கித் தேய்க்க வேண்டும். உள்ளங்கைக்குச் சூடு அதிகம், அது படக்கூடாது. சில துண்டுகள் துவரம்பருப்பு அளவுக்கும் சில கொண்டைக்கடலை அளவுக்கும் வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். எல்லாம் ஒரே சீராகப் பொடியாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் டார்ட் பிஸ்கட்டாகிவிடும். பிறகு எலுமிச்சைச் சாறு கலந்த ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, முள்கரண்டியால் கிளறுங்கள். பதம் பார்ப்பதற்குப் புட்டு மாவின் கணக்கே போதும்: ஒரு பிடி அள்ளி இறுக்கினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டை விட ஒரு கரண்டி நீர் கூடுதலாக இருக்கலாம், அதற்கு மேல் கூடாது.

சப்பாத்தி பிசைந்து பழகிய கை நம்மைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். மாவு திரண்டதும் அழுத்திப் பிசைய வேண்டும் என்று கை தானாகத் துடிக்கும். பிசையப் பிசைய மாவிலுள்ள குளுட்டன் என்னும் புரதம் வலைபோல் பின்னிக்கொள்ளும். சப்பாத்திக்கு இழுவை தரும் அதே வலை, டார்ட்டைத் தோல்போல் விறைக்கவைத்து, ஓவனில் சுருங்கவும் வைத்துவிடும். எனவே அங்கங்கே உலர்ந்த மாவு தெரிந்தாலும் பொருட்படுத்தாமல், எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து அழுத்தி, தடித்த அடைபோல் தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு மணி நேரம் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். அந்த ஓய்வில் ஈரம் மாவெங்கும் பரவும், குளுட்டன் தளரும், வெண்ணெய் மறுபடி இறுகும்.

இனிப் பழம். பழம் எதுவானாலும் சாறுதான் எதிரி. தோல், கொட்டை நீக்கி அரை கிலோ பழம் போதும். குவியல் பெரிதானால் அடிமாவு வேகாது. என் தேர்வு மாம்பழம், அதுவும் அழுத்தினால் இலேசாக மட்டும் இளகும் சொக்கனான். ஹாருமானிஸ் கிடைத்தால் அதை வெட்டி அப்படியே சாப்பிடுங்கள். அந்த விலை கொடுத்து வாங்கிய மணத்தை ஓவனில் வீணாக்குவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. அன்னாசியைச் சேர்ப்பதாக இருந்தால், சிறு துண்டுகளாக்கி வாணலியில் 10 நிமிடம் சாறு வற்றும்வரை வதக்கி, நன்றாக ஆறவைத்த பிறகே சேர்க்க வேண்டும். பலாச்சுளையும் அதன் இனமான செம்படாக்கும் நன்றாக வரும். ஸ்ட்ராபெரியை மட்டும் தனியாகப் போட்டால் குழம்பாகிவிடும். மாம்பழத்தோடு ஒரு கைப்பிடி சேர்த்தால் புளிப்பு எடுப்பாக இருக்கும். பப்பாளி, ரம்புத்தான், தர்ப்பூசணி ஆகியவை இதற்கு ஆகா. நட்சத்திரப் பழத்தின் வெட்டு அழகாகத் தெரிந்தாலும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது நஞ்சாக மாறக்கூடியது. விருந்தினர் உடல்நிலை தெரியாதபோது அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மாவு ஓய்வெடுத்ததும் ஓவனை 200 டிகிரியில் ஏற்றி, ஒரு காலித் தட்டையும் உள்ளே கீழ்த்தட்டில் வைத்து 25 நிமிடம் சூடேறவிடுங்கள். மாவை இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவில் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் 32 சென்டிமீட்டர் வட்டமாக்கலாம். வட்டம் கோணினாலும் ஓரம் வெடித்தாலும் ஒன்றும் குறைவில்லை. மாவினூடே மஞ்சள் வெண்ணெய்த் திட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் வேலை சரியாக நடக்கிறது. தேய்க்கும்போதே மாவு குழையத் தொடங்கினால், தாளோடு எடுத்து 10 நிமிடம் உறைபெட்டியில் வைத்துவிட்டுத் தொடரலாம்.

மேல்தாளை நீக்கி, ஓரத்தில் மூன்று விரற்கடை விட்டு, நடுவில் இரண்டு மேசைக்கரண்டி வறுத்த ரவையைப் பரப்புங்கள். முந்திரித் தூளோ மேரி பிஸ்கட் தூளோ போட்டாலும் சரிதான். கசியும் சாற்றை உறிஞ்சிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். பழத்தோடு 50 கிராம் சீனி, ஒன்றரை மேசைக்கரண்டி சோள மாவு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காயின் பொடி ஆகியவற்றைக் கடைசி நேரத்தில்தான் கலக்க வேண்டும். முன்கூட்டியே கலந்தால் சீனி பழத்தின் நீரை இழுத்துக் கிண்ணத்தை நிரப்பிவிடும். பழத்தை ரவையின் மேல் பரப்பி, கிண்ணத்தின் அடியில் தேங்கிய சாற்றை மட்டும் ஊற்றாமல் விட்டுவிடுங்கள். பிறகு ஓரத்தை ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி மடித்துக்கொண்டு வர வேண்டும். கறிபாப்பின் விளிம்பைப் போல் முறுக்கி அடைக்கத் தேவையில்லை. மடிப்பில் எங்காவது கிழிசல் இருந்தால் மட்டும் சிறு மாவுத் துண்டை நீர் தொட்டு ஒட்டிவிடுங்கள். சாறு ஒழுகுவது அந்த வழியாகத்தான்.

மடிப்பின் மேல் அடித்த முட்டையைத் தடவினால் பொன்னிறம் வரும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் பால் போதும், நிறம் சற்று மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். மேலே பருமணிச் சீனியைத் தூவி, தாளோடு 15 நிமிடம் உறைபெட்டியில் இறுகவைத்து, உள்ளே சூடாகக் காத்திருக்கும் தட்டின் மேல் நேராக நகர்த்திவிடுங்கள். குளிர்ந்த மாவு கொதிக்கும் இரும்பைத் தொட்டவுடன் அடிப்பக்கம் இறுகத் தொடங்கும். அடி ஊறிச் சொதசொதப்பதை இது ஒன்றே பாதிக்கு மேல் தடுத்துவிடும்.

சுடுவதற்கு 40 முதல் 45 நிமிடம் ஆகும். நம் வீடுகளில் உள்ள சிறிய மேசை ஓவன்களில் மேல்கம்பி மிக அருகில் இருப்பதால், 25 நிமிடத்தில் மேல்பக்கம் கருகப் பார்க்கும். அப்போது அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிட்டுத் தொடருங்கள். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 180 டிகிரி போதும். நிறத்தை மட்டும் நம்பி வெளியே எடுத்துவிடாதீர்கள். நடுவில் உள்ள சாறு கெட்டியாகி, தடித்த குமிழிகளாகக் கொதிக்க வேண்டும். சோள மாவு வெந்து பிடிப்பதற்குக் கொதிநிலையை ஒட்டிய சூடு தேவை, அதற்கு முன் எடுத்தால் மாவு வாசனை நாக்கில் நிற்கும். தாளின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள். அது வறுத்த வேர்க்கடலையின் நிறத்தில் இருந்தால் போதும்.

எடுத்தவுடன் கம்பித் தட்டில் வைத்து, குறைந்தது 40 நிமிடம் ஆறவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் சாறு ஓடும், ஆறினால் பாகாகப் பிடிக்கும். மீந்ததை மூடிவைத்தால் நம் ஈரக்காற்றில் இரவுக்குள் மேலோடு நமுத்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் காலை 160 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிக்கொள்ளலாம். மைக்ரோவேவில் வைத்தால் மேலோடு வதங்கி ரொட்டிபோல் ஆகிவிடும்.