லைடாரில் கடலோரக் காற்றை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாயில் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ராடார் ஒன்று, வெயில் மாதங்களில் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரையைக் காட்டியது. பருவமழை வந்ததும் அந்த எட்டம் போய்விட்டது. கடலை ஒட்டிய ஈரக்காற்றின்மேல் வறண்ட காற்று படிந்தால், ரேடியோ அலை கீழ்நோக்கி வளைந்து அந்த அடுக்குக்குள்ளேயே நெடுந்தூரம் ஓடும். இதை 'டக்ட்' என்பார்கள். லைடார் கொண்டு, அதாவது லேசர் ஒளியைக் காற்றில் அனுப்பி அது சிதறித் திரும்புவதை அளக்கும் கருவி கொண்டு, அதை அளப்பவர்கள் சறுக்குகிற இடங்கள் சில உண்டு.

ஒளி பலமாகத் திரும்பினால் அங்கே ஈரம் அதிகம் என்று முடிவுகட்டிவிடுவது முதலாவது. கடலோரத்தில் அது பெரும்பாலும் உப்புத்துகளின் வேலை. நீராவி வேண்டுமென்றால் ராமன் சிதறலை, அதாவது மூலக்கூறில் பட்டு அலைநீளம் மாறித் திரும்பும் ஒளியை, பாருங்கள் (ஆமாம், நம் சி.வி. ராமன் 1928-இல் கண்டதுதான்). 355 நானோமீட்டர் லேசருக்கு நீராவி 408-இலும் நைட்ரஜன் 387-இலும் பதில் தரும். அந்த விகிதத்திலிருந்துதான் ஈர அளவு கிடைக்கும்.

லேசரும் ஒளிதானே என்று ஒளிவிலகல் சூத்திரத்தை எடுத்துப் போடுவதும் நடக்கிறது. நீராவி ஒளியை அவ்வளவாகப் பாதிக்காது, ரேடியோவைத்தான் ஆட்டிவைக்கும். 27 டிகிரியில் நீராவி அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் ரேடியோ விலகல் எண் (காற்று ரேடியோ அலையை எவ்வளவு விலக்கும் என்பதைச் சொல்வது) சுமார் 4 ஏறும்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமானது, இரைச்சலுக்கு (அளவீட்டில் வரும் தாறுமாறான ஏற்ற இறக்கத்துக்கு) பயந்து அளவுக்கு மீறிச் சராசரி எடுப்பது. மேலே போகப் போக ரேடியோ விலகல் எண் கிலோமீட்டருக்கு 157-க்கு மேல் குறைந்தால்தான் டக்ட். 30 மீட்டருக்குள் 20 குறைகிறது என்று வையுங்கள்: அது கிலோமீட்டருக்கு 667, சந்தேகமே இல்லாத டக்ட். அதையே 200 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று சுருக்கினால், மிச்ச 170 மீட்டரில் கிலோமீட்டருக்கு 40 என்ற வழக்கமான சரிவையும் சேர்த்து, கிடைப்பது கிலோமீட்டருக்கு 134. டக்ட் காணாமலே போய்விட்டது! வரைபடம் மட்டும் அழகாக இருக்கும். நேரத்தில் சராசரி எடுங்கள், உயரத்தில் வேண்டாம். அதுவும் கடற்காற்று திரும்பும் மதிய வேளையில் நீண்ட நேரம் கூடாது.

அப்புறம், கடல்நீர் ஆவியாவதால் உண்டாகும் டக்ட் பெரும்பாலும் முதல் சில பத்து மீட்டருக்குள்ளேயே இருக்கும். செங்குத்தாக நோக்கும் பல லைடார்களில் லேசரும் தொலைநோக்கியின் பார்வையும் முழுதாக ஒன்றுசேரவே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆகிவிடும். அங்கே எதுவும் தெரியவில்லை என்பதற்காக டக்ட் இல்லை என்று எழுதக் கூடாது. லேசரைக் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலாகச் சாய்த்துச் சுழற்றுங்கள், அல்லது கரையில் ஒரு கம்பம் நட்டு ஈரமானிகளைக் கட்டுங்கள்.