கொழும்பில் ரயில் டிக்கெட்: எதற்குக் கவுண்டர், எதற்குக் கைபேசி?

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிறவருக்கு டிக்கெட் கவுண்டரில்தான் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்கு ஆசனம் வேண்டியவர் அதே கவுண்டரை நம்பிப் பண்டிகைக்கு முதல் வாரம் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அந்த ஆசனங்கள் இணையத்திலேயே முடிந்திருக்கும். எது எங்கே விற்கப்படுகிறது என்பதைக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு, மற்றத் தவறுகள் பல அதிலிருந்தே வருகின்றன.

குறுந்தூரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பதிவில்லாத டிக்கெட்டுக்குக் காசும் சில்லறையும் வேண்டும். ரயில் வந்து நின்றபிறகு வரிசையைப் பார்த்துப் பயந்து, டிக்கெட் இல்லாமல் ஏறிவிடாதீர்கள். பிடிபட்டால் 3,000 ரூபா தண்டப்பணத்தோடு கட்டணத்தின் இரு மடங்கையும் கட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டோடு இரண்டாம் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்தாலும் தண்டம்தான். கவுண்டர் பூட்டியிருந்தால் ஏறுவதற்கு முன்பே ரயில் கார்டிடம் சொல்லுங்கள். ஏறிய பிறகு சொல்லும் காரணத்தைப் பரிசோதகர் ஏற்பது அரிது. டிக்கெட்டை இறங்கும் நிலைய வாசலில் கொடுக்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள். தினமும் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் வரிசைத் தொல்லையே இல்லை.

நீண்டதூர ஆசனத்தில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். பதிவு 30 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. தைப்பொங்கலுக்கு ஜனவரி 12இல் புறப்பட வேண்டுமென்றால் டிசம்பர் 13ஐக் குறித்துவையுங்கள். பலர் தவறவிடுவது திரும்பி வரும் பயணத்தை. ஜனவரி 18இல் திரும்புவதற்கான பதிவு டிசம்பர் 19இல்தான் திறக்கும், அன்றைக்கு மறந்துபோவார்கள். இரண்டு நாளுக்கும் கைபேசியில் தனித்தனியாக அலாரம் வையுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கும் மடு ஆவணித் திருநாளுக்கும் இதே கணக்குத்தான்.

ரயில்வே திணைக்களத்தின் தளத்திலேயே பதியுங்கள். அதன் முகவரி 'ரயில்வே டொட் கவ் டொட் எல்கே' என்று முடியும். தேடும்போது மேலே வரும் வேறு தளங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்களாக இருக்கலாம்.

அடுத்தது அடையாள இலக்கம். ஆசனங்களை மொத்தமாக வாங்கிக் கூடிய விலைக்கு விற்றவர்களைத் தடுக்கத்தான் தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கட்டாயமாக்கப்பட்டது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மகன் இங்குள்ள அம்மாவுக்கு ஆசனம் எடுத்துக் கொடுக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அவசரத்தில் அவர் தன் கடவுச்சீட்டு இலக்கத்தையே போட்டுவிட்டால், பரிசோதனையில் சிக்கிக்கொள்வது அம்மா. பயணம் செய்பவரின் இலக்கத்தையே, அவர் கையில் கொண்டுபோகும் அட்டையில் உள்ளபடியே போடுங்கள். பழைய அட்டையில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் பன்னிரண்டு எண்கள். கோட்டை நிலையத்தடியில் யாராவது "ஆசனம் இருக்கு" என்று நீட்டினால் வாங்கவே வேண்டாம். வேறொருவர் இலக்கத்தில் உள்ள டிக்கெட்டால் உங்களுக்குப் பயனில்லை.

பணம் செலுத்தும்போது வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு, வங்கியில் பதிந்த தொலைபேசிக்குத்தான் வரும். அந்த சிம் வேறு கைபேசியில் கிடந்தால் நேரம் கடந்து ஆசனம் கைவிட்டுப் போய்விடும். பணம் கழிந்தும் டிக்கெட் வரவில்லையென்றால் உடனே இரண்டாம் முறை செலுத்தாதீர்கள். மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் பாருங்கள், பரிவர்த்தனை இலக்கத்தைப் படம்பிடித்து வையுங்கள், பிறகு விசாரியுங்கள்.

முன்பெல்லாம் குறுஞ்செய்தியைக் கவுண்டரில் காட்டி அச்சிட்ட டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. 2024இலிருந்து மின்-டிக்கெட்டே போதும். ஆனால் அதை இணையத்தில் திறந்து காட்டலாம் என்று விட்டுவிடாதீர்கள், வழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். கைபேசியில் தரவிறக்கி வையுங்கள். வயதானவர்களுக்கு ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்பதே நல்லது.

ஏறும் இடத்தையும் பாருங்கள். கல்கிசையிலிருந்து புறப்படும் யாழ்ப்பாண ரயிலுக்குக் கோட்டையிலிருந்து பதிந்துவிட்டு வெள்ளவத்தையில் ஏறினால், கோட்டை வரைக்கும் உங்களிடம் டிக்கெட் இல்லை என்றே பொருள். இரவு ரயிலில் இடைவழி நிலையத்தில் நள்ளிரவுக்குப் பின் ஏறுகிறவர்கள் திகதியை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும்.

ஆசனம் கிடைக்காமல் பஸ்ஸில் போகிறவர்கள் நடத்துநரிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். கூடுதலாக அறவிட்டால் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு முறையிட அதுதான் ஆதாரம்.

பயணத்தை நீங்களே ரத்துச் செய்வதென்றால் தாமதிக்க வேண்டாம், நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். மழை, மண்சரிவுக் காலத்தில் வீட்டிலிருந்து வெளிக்கிடும் முன் ரயில்வேயின் 1971 இலக்கத்துக்கு அழைத்து அன்றைய ரயில் ஓடுகிறதா என்று கேளுங்கள்.