வெளிநாட்டு வாசம் முடித்து நீலகிரிக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

மஸ்கட், துபாய், தோஹா, சிங்கப்பூர் என்று பத்திருபது வருடம் இருந்துவிட்டு, "போதும், குன்னூர் பக்கம் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்" என்று கிளம்பி வருகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. நானும் மஸ்கட்டில் ரூவி பக்கம் கணக்கு எழுதிக் காலம் தள்ளிவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பியவன் என்பதால் பலர் போன் செய்து யோசனை கேட்கிறார்கள். கேள்விகளில் பாதி, சென்ட் என்ன விலை என்பதிலேயே நின்றுவிடுகிறது. கேட்க வேண்டியவை வேறு.

அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது லீவு மலை. வளைகுடாவில் பள்ளிகள் மூடும் ஜூலை, ஆகஸ்டில் வந்து, கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை என்று கீழே அலைந்தது போக மிச்சமிருக்கும் நாட்களில் பார்த்த மலை அது. அந்த மாதங்களில் கோத்தகிரியில் லேசான சாரல், குளிர் காற்று, நல்ல டீ. மஸ்கட்டில் 45 டிகிரியைத் தாண்டும் வெயிலிலிருந்து வந்து இறங்கியவனுக்கு இது சொர்க்கமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ஓமானில் இருந்தபோது, சாரலையும் மூடுபனியையும் பார்க்கவென்றே ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு சலாலாவுக்குப் போகிற கூட்டத்தில் நாங்களும் உண்டு. ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை அங்கே கரீப் என்கிற சாரல் பருவம், மலையெல்லாம் பச்சை. பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அங்கேயே துணி காயப்போட வேண்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு நிஜமான மழை அக்டோபரில் தொடங்குகிற வடகிழக்குப் பருவமழைதான். வளைகுடாவில் இருப்பவர் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிற காலம் அது. எனவே அவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். 2009 நவம்பரில் கேத்தி, அச்சனக்கல், குன்னூர் வட்டாரங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை டிவியில் பார்த்திருப்பார், அவ்வளவுதான். கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே கொட்டுவது தென்மேற்கு மழை. ஒரே மாவட்டம், இரண்டு மழைக்காலம். ஊட்டியிலோ டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தள் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்.

ஆகவே வந்த வேகத்தில் இடம் வாங்குவதுதான் முதல் தவறு. ஜூனில் தொடங்கி ஜனவரி முடியும் வரையாவது வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். கேரட் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல், நல்ல வெயில் என்று புரோக்கர் ஏப்ரலில் காட்டுகிற வீட்டுக்குள் நவம்பரில் சூரியன் எத்தனை மணிக்கு வருகிறது, வருகிறதா என்பதே அப்போதுதான் தெரியும்.

நிலம்

இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும்போதே "ரெண்டு ஏக்கர் தேயிலை வாங்கிப் போடலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. தேயிலைத் தோட்டம் இந்தத் தடைக்குள் வருகிறது. அப்பா, தாத்தா வழியில் வந்தால் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. இந்தியக் குடியுரிமையோடு நிரந்தரமாகத் திரும்பிவிட்டவர் வாங்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கு இந்த நிலங்கள் கிடையாது. சரி, தம்பி பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குறுக்குவழியை யாராவது சொல்வார்கள். பினாமி சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தம்பியோடு பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை இங்கே தெருவுக்கு ஒன்றாகக் காட்ட முடியும்.

கூடலூர், பந்தலூரில் இடம் மலிவு என்று யாராவது சொன்னால், பிரிவு 17 நிலமா என்பதை முதலில் கேளுங்கள். 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவின் கீழ் வரும் நிலங்களுக்கு இன்றும் உரிமைச் சிக்கல் தீரவில்லை. தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பட்டா இல்லாமல் இருக்கிறார்கள். மசினகுடி, சீகூர் பக்கம் யானை வழித்தடம். 2018-இல் அங்கே ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள், 2020-இல் உச்ச நீதிமன்றமும் வழித்தடத்தை உறுதிசெய்துவிட்டது. கோத்தகிரி, குன்னூர் கிராமங்களில் பிரச்சினை வேறு மாதிரி, அங்கே கூட்டுப் பட்டா. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களில் ஒருவர் பெங்களூரில் இருப்பார், இன்னொருவர் காலமாகி வாரிசுச் சான்று எடுக்காமலே விட்டிருப்பார்கள்.

அப்புறம், பாறை தெரிகிற சரிவு ஒன்றை வாங்கிவிட்டு ஜேசிபி வைத்துச் சமப்படுத்தலாம் என்று திட்டம் போடுவது. நீலகிரியில் ஜேசிபி ஓட்டவும் ஆழ்துளைக் கிணறு போடவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டடம் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. துபாயில் நாற்பது மாடிக் கட்டடத்தில் வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். மண்ணை வெட்டி எழுப்பிய தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை விடாமல், அழகாகப் பூசி முடித்தவரும் அவர்தான். சுவருக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர்தான் மழைக்காலத்தில் சுவரைத் தள்ளுகிறது. இது உள்ளூர்க் கொத்தனார் யாரைக் கேட்டாலும் சொல்வார், ஆனால் கேட்க வேண்டுமே.

தேயிலையை வாங்கி வருமானம் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒன்று: பச்சைத்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு இங்கே சிறு விவசாயிகள் பல வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். கொழுந்து பறிக்க ஆள் கிடைப்பதில்லை, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்களை நம்பித்தான் பல தோட்டங்கள் ஓடுகின்றன. தேயிலையோடு பிறந்து வளர்ந்தவர்களே விற்றுவிட்டுப் போகிறபோது ரியால் சேமிப்பைக் கொண்டுவந்து அதில் கொட்டுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

கொண்டுவரும் சாமான்

கார்கோவில் வீட்டையே கட்டி அனுப்புகிறார்கள். தோல் சோபா, தரை முழுக்க விரிக்கும் கார்பெட், பெரிய மரக் கட்டில். வறண்ட ஊரில் வருடக்கணக்கில் புதுசு போல இருந்த தோல் சோபாவில் இங்கே ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். ஷூ, பெல்ட், கேமரா லென்ஸ், கல்யாண ஆல்பம் எல்லாவற்றுக்கும் அதே கதி. சர்ட்டிபிகேட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். பழைய ஆட்கள் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுவைப்பார்கள். பார்க்கத்தான் வேடிக்கை, துணி காய்ந்தே இருக்கும்.

சமையலறையிலும் புது விதிகள்தான். அங்கே மதியத்துக்குள் பொங்கிப் புளித்துவிடும் மாவு, இங்கே மறுநாள் காலையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கம்பளி சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் பருப்பும் கடலையும் வேக நேரமாகும், குக்கர் இல்லாமல் முடியாது.

இன்னொன்றைச் சிரிக்காமல் கேளுங்கள். வளைகுடாவில் பாதிப் பேருக்கு கரித்துண்டில் பகூர் என்கிற வாசனைப் புகை போடுகிற பழக்கமும் வெள்ளிக்கிழமை பார்பெக்யூ பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்தக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

ராத்திரி நடையும் அங்கிருந்து வரும் பழக்கம்தான். பகலில் வெளியே தலைகாட்ட முடியாத ஊரில் எட்டரை மணிக்கு மேல் குடும்பத்தோடு கடற்கரை நடைபாதையில் நடப்போம். இங்கே அந்த நேரம் காட்டெருமையுடையது. கோத்தகிரியில் கரடியும் சேர்த்தி. எண்ணெய் வாசனைக்கு ரேஷன் கடைக் கதவையும் கோயில் கதவையும் உடைத்து வருகிற கரடி, உங்கள் சமையலறைக் கதவுக்கு மட்டும் மரியாதை கொடுக்காது. தேயிலைக்குள் நிற்கிற காட்டெருமையைப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பது உள்ளூர்க்காரர்கள் யாரும் செய்யாத காரியம்.

"அங்கே எல்லாம் இப்படி இல்லைங்க"

என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான், நிலத்தில் போகிற பணம்கூட அப்புறம்தான்.

இந்த மலைக்கு இந்தப் பேச்சு புதிதும் அல்ல. 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள், பின்னால் அது டான்டீ ஆனது. என் ஆத்தா அந்தக் கூட்டத்தில் வந்தவர். ஹட்டனில் தண்ணீர் எப்படி, தலவாக்கலையில் லயத்து வீடு, அதாவது தோட்டத்து வரிசை வீடு எப்படி, ரொட்டி எப்படி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அனுப்பப்பட்டவர், சொல்ல உரிமை இருந்தது. விமான டிக்கெட் போட்டு நாமாக வந்தவர்கள் அதையே செய்யும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

"மஸ்கட்டில் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும்." உண்மை. அதை விடியற்காலையில் கூட்டியவர் வங்கதேசத்துக்காரரோ நம் விழுப்புரத்துக்காரரோதான், அவருடைய சம்பளம் என்ன என்று கணக்கெழுதிய எனக்குத் தெரியும். சுத்தம் என்பது அந்த ஊர்க் காற்றில் வந்ததில்லை. "ரூல்ஸ்னா ரூல்ஸ்." அதுவும் உண்மை. ஆனால் 2021 வரை, பழைய முதலாளி தடையில்லாச் சான்று கொடுக்காவிட்டால் ஓமானில் வேறு கம்பெனிக்கு மாறிப்போவது பெரும்பாடு, அதுவும் ரூல்ஸ்தான். இதையும் சேர்த்துச் சொல்கிறவர் பேச்சைக் கேட்க எனக்குப் பிடிக்கும். பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபுக் காபியும் வைத்து, தெரியாத ஆளையும் உட்காரச் சொல்கிற ஓமானியர்களைப் பற்றிச் சொல்லுங்கள், இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒவ்வொரு விலையையும் ரியாலால் வகுத்து "அட, இவ்வளவுதானா" என்று மார்க்கெட்டில் சத்தமாகச் சொல்வதை மட்டும் விட்டுவிடலாம். ஒரு ரியால் இருநூறு ரூபாய்க்கு மேல் என்பது மேரக்காய் விற்கிறவருக்கும் தெரியும், அடுத்த வாரம் உங்களுக்கு மட்டும் ஒரு தனி விலை இருக்கும்.

இங்கேயும் விதிகள் உண்டு. மாநிலம் முழுவதும் தடை வருவதற்கு வெகு முன்பே பிளாஸ்டிக்கை ஒதுக்கத் தொடங்கிய மாவட்டம் இது. "இந்தியாவில் யார் கேட்கப் போகிறார்கள்" என்று பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டிலைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைச் சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.

பணம், வண்டி, விருந்தாளி

பேங்க் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாகத் திரும்பியதும் வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த என்ஆர்ஈ கணக்கைச் சாதாரணக் கணக்காகவோ, திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணத்திலேயே வைத்துக்கொள்ளும் ஆர்எப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டு வட்டிக்கு வரி இல்லை என்று நினைப்பது தவறு, அந்தச் சலுகை வெளிநாட்டில் வசிக்கும் வரைதான். வெளிநாட்டுப் பணத்தில் போட்ட எப்சிஎன்ஆர் டெபாசிட்டை முதிர்வு வரை விட்டுவைக்கலாம். நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்கு வருமான வரியில் ஆர்என்ஓஆர் என்று, திரும்பி வந்தும் முழு உள்நாட்டு வாசியாகக் கணக்கில் வராத ஓர் இடைநிலை உண்டு. முந்தைய பத்து நிதியாண்டுகளில் ஒன்பதில் வெளிநாட்டு வாசியாக இருந்திருந்தால் அதில் வரலாம், அந்தக் காலத்தில் வெளிநாட்டு வட்டி, வாடகைக்குப் பொதுவாக இங்கே வரி வராது. எந்த மாதம் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு வருடம் கூடும், குறையும். டிக்கெட் போடுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டுவது நல்லதும்கூட. வலப்பக்கமாக, ஆட்டோமேட்டிக் காரில், நேர் ரோட்டில் ஓட்டிய கால் இறக்கத்தில் பிரேக்கை விட்டு எழுந்திருக்காது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி இறக்கத்தைப் பழகும்வரை தொடாதீர்கள்.

வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் மருத்துவமனையைப் பார்த்து வீடு தேட வேண்டும். ஊட்டியில் 2025 ஏப்ரலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் திறந்த பிறகு நிலைமை பரவாயில்லை. ஆனாலும் பெரிய சிக்கல் என்றால் இன்னும் கோவைதான், மழையில் ரோட்டில் மரமோ மண்ணோ விழுந்தால் அதுவும் இல்லை.

வீடு பால்காய்ச்சியதும் அங்கிருந்த நண்பர்கள் "மே மாசம் குடும்பத்தோட வர்றோம்" என்பார்கள். 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், சீசனில் நாளுக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டி வைத்திருக்கிற உங்களுக்கு அது தேவையில்லை என்பதால் அவர்களிடம் சொல்ல மறந்துவிடுவீர்கள், மலையடிவாரத்துக் கல்லாறு சாவடியிலிருந்து போன் வரும். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்குகிற ஒருவழிப் பாதை போலீஸ் போடுவது வழக்கம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நவம்பரில் வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள், வருகிறவர்களுக்கு ஸ்வெட்டரோடு ஒரு குடையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.