பொம்மைப் படம்தானே என்று கிளம்பும் முன்

"பொம்மைப் படம்தானே, எந்த ஷோவுக்குப் போனா என்ன?" என்று அக்காவிடம் சொன்னவன் நான்தான். அன்று செய்த தவறுகளெல்லாம் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் வரிசையாகக் கிளம்பின.

அக்கா வீடு தண்டையார்பேட்டையில். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அவள் பிள்ளைகள் இரண்டு பேரையும் படத்துக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. பக்கத்திலேயே அகஸ்தியா தியேட்டர் இருந்த காலத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். 2020ல் அதை மூடிய பிறகு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு சினிமா என்றாலே ஆட்டோவோ மெட்ரோவோ ஏறிப் போகிற பயணமாகிவிட்டது. அதனால் அரை மணி முன்னாடி கிளம்பினால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். நாங்கள் போட்டோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று, ஊர்வலத்தில் வரும் தேர் மாதிரி, நின்று நின்று போனது. உள்ளே நுழையும்போது படம் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம். பெரியவர்கள் படத்தில் முதல் பத்து நிமிடம் ஹீரோ நடந்து வருவதிலேயே போய்விடும், விட்டுப் பிடிக்கலாம். அனிமேஷன் படங்கள் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரச் சொச்சம்தான். அந்தக் குட்டி ஏன் தனியாக இருக்கிறது, அதன் அம்மா எங்கே என்பதையெல்லாம் ஆரம்பத்திலேயே, சில சமயம் வசனமே இல்லாமல், சொல்லி முடித்துவிடுவார்கள். அதை விட்டால் மிச்சப் படம் முழுக்க நீங்கள்தான் கதை சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு மொழி விஷயத்தில். தமிழ் டப்பிங் ஷோ காலையில் இருந்தது. நாங்கள் எழுந்து குளித்துச் சாப்பிடுவதற்குள் அது போய்விட்டது. "இங்கிலீஷ்லயே பாக்கட்டும், ஸ்கூலுக்கும் ஆகும்" என்று மதிய ஷோவுக்கு டிக்கெட் எடுத்தேன். பெரியவன் பாதி புரிந்துகொண்டு பாதியைச் சமாளித்தான். சின்னவள் என் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மாமா சொல்றான் அவன்?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஜோக் வந்து, மற்றவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். "ஏன் மாமா எல்லாம் சிரிக்கிறாங்க?" அதையும் சொன்னேன். முன் வரிசை அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறைக்குள் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திக்கொண்டேன், இவள் படம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

தமிழ் டப்பிங் என்றால் மட்டம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். நல்ல டப்பிங்கில் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? ப, ம என்று சொல்லும்போது உதடு ஒட்டிப் பிரியும். திரையில் பாத்திரத்தின் உதடு ஒட்டுகிற நொடியில் தமிழிலும் அப்படி ஓர் எழுத்து வந்து விழுந்தால்தான் கண்ணுக்கு உறுத்தாது. ‘அம்மா’ பொருந்துகிற இடத்தில் ‘தாயே’ பொருந்தாது. வசனம் எழுதுகிறவர் அர்த்தத்தையும் விடக்கூடாது, உதட்டையும் விடக்கூடாது. குரலுக்கும் இப்போது தெரிந்த முகங்களைத் தேடிப் போகிறார்கள். 2019ல் வந்த ‘தி லயன் கிங்’ தமிழ்ப் பதிப்பில் சிம்பாவுக்கு சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த்சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி. காட்டுப்பன்றி நம்ம ஊர்க் குரலில் பேசினால் ஆறு வயதுப் பிள்ளைக்கு யாரும் உரை எழுத வேண்டியதில்லை. பிள்ளை எந்த மொழியில் கனவு காண்கிறதோ அந்த மொழி ஷோவுக்கு எடுங்கள். இங்கிலீஷ் எங்கேயும் ஓடிப்போகாது.

ஆனால் தமிழ் ஷோ ஓடிப்போகும். "கூட்டம் குறையட்டும், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது தனித் தவறு. வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் முதலில் இடத்தைக் காலி செய்வது இந்த மாதிரிப் படங்களின் தமிழ்க் காட்சிகள்தான். முதல் சனி, ஞாயிறிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது த்ரீடி. கூடுதல் காசு கொடுத்தால் கூடுதல் சந்தோஷம் என்று நானும் நம்பினேன். விஷயம் இதுதான்: ஒரே திரையில் இரண்டு படங்கள் விழுகின்றன, இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. கண்ணாடி அந்தந்தக் கண்ணுக்கு உரியதை மட்டும் உள்ளே விடுகிறது. கண்ணாடி மூக்கில் சரியாக உட்கார்ந்தால்தான் இந்த வித்தை நடக்கும். எங்களுக்குக் கொடுத்தது பெரியவர் முகத்துக்கான கண்ணாடி. சின்னவளின் மூக்கில் அது நிற்கவே இல்லை. வழுக்கி வாய்க்கு வரும், தள்ளிவிடுவாள், மறுபடி வரும். கடைசியில் இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பைனாகுலரில் ரேஸ் பார்க்கிற ஆள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். மடியில் பாப்கார்ன் அப்படியே இருந்தது, எடுக்கக் கை ஏது? பாதிப் படத்துக்கு மேல்தான் எனக்கு புத்தி வந்தது. அவள் பின்னலிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, கண்ணாடியின் இரண்டு காலையும் தலைக்குப் பின்னால் சேர்த்துக் கட்டினேன். நின்றது. "மாமா, இப்ப ஒண்ணுதான் தெரியுது" என்றாள். அதுவரை அவளுக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கிறது, அதுதான் த்ரீடி போல என்று நினைத்துக்கொண்டு கேட்காமலே இருந்திருக்கிறாள்.

இந்தக் கண்ணாடி வெளிச்சத்தையும் நன்றாகவே குறைத்துவிடும். நிறத்துக்காகவே செய்த படத்தை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்ப்பது போலத்தான். ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் டூடி போதும் என்பது என் கட்சி. வேறு வழியில்லாமல் த்ரீடிதான் கிடைத்தது என்றால், பையில் ஒரு ரப்பர் பேண்ட் இருக்கட்டும்.

சீட் விஷயம் சுருக்கமாக. மடங்கி எழும்புகிற சீட்டாக இருந்தால், எடை குறைந்த பிள்ளையை அது அப்படியே வாய்க்குள் போட்டுக்கொள்ளும். காலும் தலையும் மட்டும் வெளியே தெரியும். உங்கள் பையை அடியில் வைத்து உட்கார வையுங்கள். முன் வரிசையும், சுவர் ஸ்பீக்கரை ஒட்டிய ஓர இருக்கையும் வேண்டாம். நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால், வழிநடையை ஒட்டி எடுத்தால் பாத்ரூம் அவசரத்துக்கு யார் காலையும் மிதிக்க வேண்டாம். ஏசி குளிருக்கு ஒரு துண்டு.

அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கானது என்று நம்புவது இன்னொன்று. சென்சார் சான்றிதழைப் பார்க்காமலே டிக்கெட் எடுக்கிறோம். 2024 முதல் யுஏ சான்றிதழை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. அந்த வயதுக்குக் கீழே இருந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று அர்த்தமில்லை. பெற்றவர்கள் யோசித்து முடிவெடுங்கள் என்று சொல்லும் குறிப்பு அது. பொம்மைப் படத்துக்கும் இதே அளவுகோல்தான். 2025ல் வந்த ‘மகாவதார் நரசிம்மா’வை எடுத்துக்கொள்ளுங்கள். தூணைப் பிளந்து வந்த நரசிம்மர் இரணியனை மடியில் போட்டு என்ன செய்தார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். பாட்டி மடியில் படுத்துக் கேட்டது அது. இருட்டில், சுவர் அதிரும் சத்தத்தில், இரண்டு மாடி உயரத்துக்கு அதைப் பார்ப்பது வேறு.

பயம் வரும் இடத்தை முன்னாடியே சொல்லிவிடுங்கள். கதையைச் சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும் என்பது பெரியவர்கள் கவலை. சின்னதுகளுக்கு முடிவு தெரிந்தால்தான் நடுவில் தைரியமாக உட்கார முடியும். "ஒரு இடத்துல அப்பா காணாம போயிடுவாரு, அப்புறம் வந்துடுவாரு" என்று ஆட்டோவில் போகும்போதே சொல்லிவைத்தால் போதும். அந்த இடம் வரும்போது அழாமல், "மாமா, இதானே அது?" என்று கேட்பார்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வெளிச் சாப்பாட்டை தியேட்டர்காரர்கள் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வழக்கில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றவர்கள் கொண்டுபோகலாம் என்பதையும் குறித்தது. ஆகவே வாசலில் பையைச் சோதிக்கும்போது பால் பாட்டிலையும் கஞ்சி டப்பாவையும் காட்டிக் கூனிக் குறுக வேண்டாம். மற்றபடி, பிள்ளைகளைப் பசியோடு அழைத்துப்போய் உள்ளே வாங்கிக் கொடுப்பது பர்ஸுக்கு ஆகாத காரியம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மிச்சத்தை வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம். வடசென்னையில் அதற்கா பஞ்சம்? பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸ் இருக்கிறது, பேஜோ இருக்கிறது. தங்கசாலைப் பக்கம் போனால் முறுக்கு சாண்ட்விச் இருக்கிறது. காரம் குறைத்துப் போடச் சொன்னால் பிள்ளைகளும் சாப்பிடும்.

இடைவேளையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அனிமேஷன் படத்தை எடுத்தவருக்கு இடைவேளை என்ற எண்ணமே கிடையாது. இங்கே ஆபரேட்டர் ஓர் இடத்தில் நிறுத்துவார். ஒரு முயல் "நான் உன்னிடம் ஒன்று..." என்று வாயைத் திறந்த நொடியில் விளக்கு எரியும். "இன்னா மாமா சொல்ல வந்துச்சு?" என்ற கேள்விக்கு பாத்ரூம் வரிசையில் நின்றுகொண்டே பதில் தயாராக இருக்க வேண்டும்.

பெரியவர்கள் தூங்குவதையும் போன் பார்ப்பதையும் பற்றி என்ன சொல்ல? இருட்டில் அந்த வெளிச்சம் நாலு வரிசைக்குத் தெரியும். அதைவிட, பிள்ளை சிரித்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், நீங்களும் சிரித்தீர்களா என்று. அந்த நேரம் பார்த்து நீங்கள் வாட்ஸப்பில் இருந்தால், அடுத்த ஜோக்குக்கு அது திரும்பாது.

வெளியே வந்ததும் பரீட்சை வைப்பதுதான் எனக்கு ஆகவே ஆகாதது. "படத்துலர்ந்து இன்னா தெரிஞ்சிக்கின?" என்று அக்கா அன்றைக்கு வாசற்படியிலேயே கேட்டாள். பெரியவன் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பழகிய மாதிரி, "ஒற்றுமையே பலம்" என்று ஒப்பித்துவிட்டு உள்ளே ஓடினான். சின்னவள் யோசித்தாள். "அந்த ஆமைக்குக் கொட்டாவி வந்துச்சும்மா" என்றாள். அக்காவுக்கு ஏமாற்றம். எனக்கு அந்த ஆமை ஞாபகமே இல்லை. ஏதோ ஒரு காட்சியில் மூலையில் இருந்திருக்கிறது. நொடிக்கு 24 பிரேம், ஒன்றரை மணி நேரத்துக்கு 1,29,600 பிரேம். அதில் சில பிரேம்களுக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து ஓர் ஆமைக்குக் கொட்டாவி செய்திருக்கிறார், அது சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடைசியாக, பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள். பெயர்களுக்கு நடுவிலோ முடிவிலோ ஒரு குட்டிக் காட்சி வைத்திருப்பார்கள் என்பதால் மட்டும் சொல்லவில்லை. 1995ல் ‘டாய் ஸ்டோரி’ வந்த காலத்திலிருந்து பிக்சார் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. படம் தயாராகிக்கொண்டிருந்தபோது அதில் வேலை செய்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைக் கடைசியில் போடுவார்கள். வேறு ஸ்டுடியோக்களும் இதைச் செய்வதுண்டு. அடுத்த முறை போனபோது இரண்டு பேரையும் பிடித்து உட்கார வைத்து அந்த வரிசையைக் காட்டினேன். பெரியவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். துடைப்பத்தோடு வந்த தியேட்டர் அக்காவும் நின்று திரையைப் பார்த்தார்.

"இந்தப் பாப்பாலாம் இப்ப எங்க மாமா இருக்கும்?" என்று கேட்டாள் சின்னவள்.

"அவங்க வீட்டுல."

"அதுங்களும் இந்தப் படத்தைப் பாத்துச்சா?"

துடைப்பக்கார அக்காதான் பதில் சொன்னார். "பாத்துருக்கும்டி கண்ணு. நீ காலைத் தூக்கிக்கோ, பெருக்கணும்."